கார்டுல இருந்த மூணாவது ஊசி

எனக்குச் சால்வை போட்டு வழியனுப்பின அன்னிக்கு, புதுசா வேலையில சேர்ந்த நீங்க அஞ்சு பேரும் முன்வரிசையில உக்காந்துக்கினு இருந்தீங்க. உங்களைப் பார்த்து நாலு வார்த்தை பேசச் சொன்னாங்க. பொறுமையா இருங்க, தாய்மார்கிட்ட சிரிச்சுப் பேசுங்க, மருந்துப் பெட்டியை வெயில்ல வெக்காதீங்கன்னு என்னத்தையோ சொல்லிட்டு, போண்டாவைத் துன்னுட்டு வீட்டுக்கு வந்துட்டேன். சொல்லவேண்டியது ஒண்ணு தொண்டை வரைக்கும் வந்துச்சு. மைக்கைப் புடிச்சிக்கினு அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. அதனால இப்ப எழுதறேன். படிச்சுட்டு நீங்க என்னைத் திட்டினா திட்டுங்க, என்னை நானே திட்டிக்காத புதன்கிழமை கிடையாது.

நகரியில தறி ஓடற தெருவுங்களுக்குப் பின்னாடி இருந்த சப்-சென்டர்லதான் நான் ரொம்ப வருஷம் நர்ஸ். தெலுங்கும் தமிழும் கலந்து பேசற ஊரு. பவர்லூம் சத்தத்துல பேசிப் பேசி அங்க எல்லாருக்கும் குரல் பெருசு. ரகசியம் சொன்னாக்கூட நாலு வீட்டுக்குக் கேக்கும். புதனும் சனியும் தடுப்பூசி நாள். "அந்த சிஸ்டரக்கா போட்டா குழந்தை அழவே அழாதும்மா" அப்படின்னு எனக்கு ஒரு பேரு இருந்துச்சு. வேற ஏரியாக்காரங்ககூட அங்க இருக்கிற நர்ஸை விட்டுட்டு என்கிட்ட வருவாங்க. எனக்கு அதுல பெருமை, ஐயோ, கொஞ்ச நஞ்சப் பெருமை இல்ல. அந்தப் பெருமையில இருந்துதான் எல்லாம் ஆரம்பிச்சுது, அதனாலதான் அதை முதல்ல சொல்றேன்.

இன்னொண்ணையும் சொல்லிடறேன். எனக்கு ஒரு வழக்கம். காலையில தாய்மாருங்க வர வர தடுப்பூசி கார்டை வாங்கி மேசை மேல அடுக்கிடுவேன். ஊசியைத் தொடறதுக்கு முன்னாடியே உக்காந்து, எல்லா கார்டுலயும், ரிஜிஸ்டர்லயும் தேதி போட்டு டிக் அடிச்சு முடிச்சிடுவேன். அப்புறம் மடமடன்னு போட்டுக்கினே போகலாம், நடுவுல பேனாவைத் தேட வேணாம். இதை யாரும் எனக்குக் கத்துக் கொடுக்கல. பக்கத்து சென்டர்ல ஒருத்தி அப்படிப் பண்ணினா, பார்த்தேன், நானும் பண்ணினேன். கூட்டத்தைச் சீக்கிரமா அனுப்பறேன்னு என்னைப் பாராட்டிக்கூட இருக்காங்க. உங்கள்ல ரெண்டு பேரு இப்பவே அப்படித்தான் எழுதறீங்க. நான் வந்து நின்னு பார்த்திருக்கேன்.

கௌரின்னு ஒரு பொண்ணு. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவ. அம்மா கிடையாது, சின்ன வயசுலயே செத்துப்போச்சு. அப்பாதான் அவளுக்கு எல்லாம், நைனான்னு கூப்பிடுவா. அந்த ஆளு தறிக்காரரு. மகளுக்குப் பத்தியச் சோறு வடிச்சுப் போட்டதுல இருந்து குழந்தைக்குத் துணி தோய்ச்சது வரைக்கும் அவருதான். கௌரிக்குக் காய்ச்சல் வந்து படுத்துட்டதால, ஆறாவது வாரத்துல வரவேண்டிய குழந்தை ரெண்டு மாசம் முடிஞ்சுதான் வந்துச்சு. தேஜுன்னு கூப்பிட்டாங்க. நல்லா கொழுகொழுன்னு, தூங்கறப்பக்கூட முஷ்டியை மடக்கிக்கினே தூங்கும்.

அந்த வயசுல வாய்ல விடற சொட்டு மருந்து இல்லாம மூணு ஊசி, உங்களுக்குத் தெரிஞ்சதுதான். கையில போலியோ ஊசி, ஒரு தொடையில நிமோனியா ஊசி, இன்னொரு தொடையில அஞ்சு நோய்க்கும் சேர்த்துப் போடற பென்டா. கக்குவான் இருமல் அந்த அஞ்சுல ஒண்ணு. கையில போட்டேன், வீல்னு ஒரு கத்தல். தொடையில போட்டேன், குழந்தைக்கு மூச்சே நின்னு திரும்பி வந்துச்சு. மூணாவதை எடுக்கறேன், அந்த மனுசன் குழந்தையைத் தூக்கி மார்ல அணைச்சுக்கினாரு. கண்ணுல தண்ணி ஊத்துது.

"போதும்மா சிஸ்டர்! ரெண்டோட நிறுத்தும்மா! இத்தினிக்கோண்டு உடம்புல மூணு குத்தா?"

"பெரியவரே, மூணும் இன்னிக்கே போடறதுதான் முறை. ஒண்ணும் ஆவாது."

"ஒரே நாள்ல மூணு மருந்து உள்ள போனா சண்டை போட்டுக்காதா? பாவம்மா. அடுத்த வாரம் நானே தூக்கியாறேன், அப்ப போடு. உன் கை பூ மாதிரின்னுதானே உன்கிட்ட வந்தோம்."

கௌரி என்னைத்தான் பார்த்துக்கினு இருந்தா. நான் என்ன சொன்னாலும் கேக்கற பொண்ணு அவ. 'நைனா, சும்மா இரு, அக்கா போடட்டும்'னு சொல்லறதுக்கு என் வாய்ல இருந்து ஒரு வார்த்தை வரட்டும்னு காத்திருந்தா. வெளிய இருபது பேரு நிக்கறாங்க. அழுகைச் சத்தம் கேட்டு ரெண்டு பேரு எட்டிப் பார்க்கறாங்க. பூ மாதிரி கைன்னு அந்த ஆளு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிட்டாரு.

"சரி பெரியவரே, அடுத்த புதன் தூக்கியாங்க. மறந்துடாதீங்க"ன்னேன்.

விட்டது எதை? பென்டாவை. கடைசியா நின்ன அதை விட எனக்கும் மனசு வந்துச்சு, ஏன்னா அதுதான் லேசா காய்ச்சல் குடுக்கும். காய்ச்சல் வந்தா மறுநாள் அந்த ஆளு வந்து தெருவே கேக்கற மாதிரி கேப்பாரு. குழந்தைக்கு எது முக்கியம்னு நான் யோசிக்கல, எனக்கு எது தொல்லை இல்லைன்னு யோசிச்சேன். அன்னிக்கு அதுக்கு நானே இரக்கம்னு பேரு வெச்சுக்கினேன்.

இப்ப கார்டு. கார்டுல மூணு டிக்கும் காலையிலேயே போட்டாச்சு. பென்டாவை அடிச்சு எழுதணும், ரிஜிஸ்டர்லயும் அடிக்கணும். சித்தூர்ல ரிவ்யூ மீட்டிங்குக்கு ரிஜிஸ்டரைத் தூக்கிக்கினு போறப்ப அடித்தல் திருத்தல் இருந்தா ஏன், எதுக்குன்னு நிக்க வெச்சுக் கேப்பாங்க. அடுத்த வாரம்தான் போட்டுடப் போறோமே, ஒரு வாரத்துக்கு எதுக்கு அடிக்கணும்? எனக்குத் துணையா வீடு வீடா போற ஆஷாம்மா மட்டும் மெல்லமா, "அக்கா, நாளைக்கு அவங்க வீட்டுக்கே போய்ப் போட்டுடலாமா?"ன்னு கேட்டா. "அதான் புதன்கிழமை வரேன்னாரே, விடு"ன்னேன். கார்டைக் கௌரி கையில கொடுத்துட்டேன். மூணு டிக்கோட.

அடுத்த புதன் குழந்தைக்குச் சளி, வரல. சளின்னாலும் போடலாம், அது அவங்களுக்கு எப்படித் தெரியும், நான்தானே போய்ச் சொல்லணும்? போகல. அதுக்கு அடுத்த வாரம் என்னைத் திருப்பதியில திருவிழா டூட்டிக்குப் போட்டுட்டாங்க, மருத்துவ முகாம்ல ஒரு வாரம். திரும்பி வந்தா, மூணாம் மாசம் நல்ல நாள் பார்த்து கௌரியையும் குழந்தையையும் புருசன் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவ புருசனுக்கு ஸ்ரீசிட்டியில வேலை, வீடு சூளூர்பேட்டையில. எங்க பக்கத்துல எல்லாரும் மூணாம் மாசமோ அஞ்சாம் மாசமோதான் அனுப்புவாங்க. அது எனக்குத் தெரியாதா? முப்பது வருசமா அந்தத் தெருவுல கைக்குழந்தைங்களை வண்டி ஏத்தி அனுப்பறதைப் பார்த்தவ நான். இந்த வழக்கம் இருக்கிற ஊர்ல 'அடுத்த வாரம்'னு ஒரு நர்ஸ் சொல்லவே கூடாது.

போன் பண்ணலாம்னு நினைச்சேன். நினைச்சுக்கினே இருந்தேன். ரிஜிஸ்டர்ல அந்தக் குழந்தை பேருக்கு நேரா எல்லாம் டிக்தான், பாக்கி லிஸ்டுல அது பேரு வரவே வராது. எழுத்துல பாக்கி இல்லைன்னா மனசுலயும் மறந்து போயிடுது.

நாலாம் மாசம் முடியறப்ப கௌரியோட நைனா சென்டருக்கு ஓடி வந்தாரு. அவ்வளவு பெரிய குரல்காரரு, அன்னிக்குக் குரலே வரல. "சிஸ்டர், குழந்தைக்கு இருமல். இருமி இருமி நீலமாயிடுதாம். திருப்பதிக்குத் தூக்கியாந்துட்டாங்க. நீயும் வாயேம்மா, எங்களுக்கு அங்க யாரைத் தெரியும்?"

போனேன். பஸ்ஸுல அவரு பக்கத்துல உக்காந்துக்கினு, எந்தச் சாமி பேரும் வாய்ல வராம, 'அது வேற இருமலா இருக்கணும், அது வேற இருமலா இருக்கணும்'னு அதையே சொல்லிக்கினு போனேன்.

வேற இருமல் இல்ல. பெரிய ஆஸ்பத்திரியில குழந்தைங்க வார்டு. ஆக்சிஜன் வெச்சிருந்தாங்க. இருமல் வந்தா ஒரு நிமிசத்துக்கு நிக்காது. உடம்பு பூரா வில்லா வளைஞ்சு, நாக்கு வெளிய வந்து, மூஞ்சி கறுத்து, அப்புறம் மூச்சே இல்லாம அப்படியே கிடக்கும். நர்ஸு முதுகுல தட்டுவா. திரும்ப மூச்சு வரும். அந்தக் கொழுகொழு தொடை ரெண்டும் சூம்பிப் போயிருந்துச்சு.

கௌரி என் கையைப் புடிச்சிக்கினா. "அக்கா, ஒண்ணு கேக்கட்டா? சூளூர்பேட்டைக்கு நான் போய்ச் சேர்ந்த அந்த வாரமே கார்டைத் தூக்கிக்கினு அங்க இருக்கிற நர்ஸம்மாகிட்ட போனேன்க்கா. ஒரு ஊசி பாக்கி இருக்குது, நகரியில அடுத்த வாரம்னாங்க, போடுங்கன்னேன். அது கார்டைப் பார்த்துட்டு, எல்லாம் போட்டிருக்குதேம்மா, அடுத்த தவணைக்கு இன்னும் நாள் இருக்குதுன்னு சொல்லிச்சு. நான் இல்லம்மான்னேன். கார்டுல தேதியே இருக்குதே, உனக்குத்தான் ஞாபகம் இல்லன்னுது. அப்புறம் அடுத்த தவணை அன்னிக்குக் குழந்தைக்கு வயித்தால போச்சு. முதல் தவணைதான் போட்டாச்சுன்னுதே, மெதுவா போகலாம்னு இருந்துட்டேன்." அப்புறம் கேட்டா. "எனக்குத்தான் தப்பா ஞாபகமா அக்கா? அன்னிக்கு மூணு போட்டியா, ரெண்டுதானே போட்டே?"

படிச்சது அஞ்சாவது வரைக்கும்தான், அந்தப் பொண்ணுக்கு எல்லாம் சரியா ஞாபகம் இருந்துச்சு. அந்த சூளூர்பேட்டை நர்ஸு மேலயும் தப்பு கிடையாது, இன்னொரு நர்ஸு எழுதினதை நம்பினா. ஒரு தாய் சொன்னதை என் பேனா பொய்யாக்கிடுச்சு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இப்ப எதுக்கும்மா அதெல்லாம், குழந்தையைப் பாரு"ன்னேன். குனிஞ்சு, போர்வையைச் சரி பண்ணினேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு டாக்டரு கார்டைக் கையில வெச்சுக்கினு வந்தாரு. நான் நர்ஸுன்னு சொல்லியிருந்தாங்க. "மீரேனாம்மா? பென்டா ஃபர்ஸ்ட் டோஸ் இச்சாரா?" நீங்கதானா, முதல் டோஸ் போட்டீங்களான்னு கேக்கறாரு. கௌரி நிக்கறா. அவ நைனா நிக்கறாரு. அந்த ஒரு கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருந்தா வேலை போயிருக்கும், போனா போவட்டும், ஆனா அந்த நேரத்துல என் கண்ணுக்குத் தெரிஞ்சது என் வேலைதான், என் பேருதான். "இச்சானு சார்"னேன். போட்டேன் சார்.

கக்குவானுக்கு உண்டான மருந்தைத்தான் அவரு ஏற்கனவே கொடுத்துக்கினு இருந்தாரு. என் பொய்யால வைத்தியம் மாறலன்னு அப்புறமா விசாரிச்சுத் தெரிஞ்சிக்கினேன். ஆனா பொய் சொன்னப்ப அது எனக்குத் தெரியாது. மாறினாலும் மாறட்டும்னுதான் சொல்லியிருக்கேன். இதை நல்லா கேட்டுக்குங்க, இதுதான் நான் பண்ணினதுலயே பெரிய பாவம்.

மூணாம் நாள் காலையில தேஜு போயிடுச்சு. இருமக்கூட தெம்பு இல்லாம போச்சு.

அப்புறம் விசாரணைன்னு ஒருத்தர் வந்தாரு. ரிஜிஸ்டரைப் பார்த்தாரு, கார்டைப் பார்த்தாரு, ரெண்டும் ஒத்துப்போச்சு. ஒரு டோஸ் போட்டும் நோய் வந்த குழந்தைன்னு எழுதிக்கினு, எங்க ஆஷாம்மா போட்ட டீயைக் குடிச்சுட்டுப் போயிட்டாரு. ஆஷாம்மா என் மூஞ்சைப் பார்க்கல, நானும் அவ மூஞ்சைப் பார்க்கல. தறித்தெருவுல என்ன பேச்சு தெரியுமா? "ஊசி போட்டும்தான் செத்துப்போச்சு, அப்புறம் எதுக்கு ஊசி?" அந்த வருசம் நாலு வீட்டுல கதவைச் சாத்தினாங்க. போடாத ஊசிக்கு அந்தக் கெட்ட பேரு. பதில் சொல்லவேண்டிய ஆளு நான், வாயைத் திறக்கல.

ஒரு டோஸ் போட்டிருந்தா அந்தக் குழந்தை பொழைச்சிருக்குமான்னு பின்னாடி ஒரு டாக்டரம்மாகிட்ட யாரோ எவரோ மாதிரி கேட்டேன். "உறுதியா சொல்ல முடியாது, ஒரு டோஸ் முழுக் காப்பு இல்ல. ஆனா ஒண்ணுமே இல்லாததுக்கு அது எவ்வளவோ மேல்"னாங்க. உறுதியா இல்லைன்னு சொல்லியிருந்தா தூங்கியிருப்பேன். உறுதியா ஆமாம்னு சொல்லியிருந்தா ராஜினாமா எழுதியிருப்பேன். ரெண்டும் சொல்லல. நானும் ரெண்டும் பண்ணாம சால்வை வாங்கற வரைக்கும் வேலை பார்த்தேன்.

அதுக்கப்புறம் யாரு கும்பிட்டுக் கேட்டாலும் நான் ஒண்ணைக்கூட விட்டதில்ல. "ஒரே நாள்ல எல்லாம் வேணாம் மேடம்"னு ஐடி வேலைக்காரங்க போனைக் காட்டிப் பேசுவாங்க, தறிக்காரங்க அழுவாங்க. நான் சொல்றது ஒண்ணுதான். உங்க குழந்தை பொறந்ததுல இருந்து காத்துல, பால்ல, நீங்க கொடுக்கற முத்தத்துல எத்தனையோ கிருமியைப் பார்த்துக்கினுதான் இருக்கு. இந்த மூணு மருந்தும் அதுக்கு ஒரு சுமையே இல்ல. வெவ்வேற இடத்துல போடறோம், ஒண்ணோட ஒண்ணு சண்டை போடாது. வலிக்கும், ரெண்டு நிமிசம் அழும், பால் கொடுத்தா நிறுத்தும். காய்ச்சல் வந்தா ஒரு நாள், ரெண்டு நாள். தள்ளிப் போட்டா அழுகை குறையாது, இன்னொரு நாளைக்குப் புதுசா அழும், அந்த நாளு வருமோ வராதோ. இதைச் சொல்ல அஞ்சு நிமிசம் ஆவும். அந்த அஞ்சு நிமிசத்தைத்தான் நான் தேஜுவோட தாத்தனுக்குக் கொடுக்கல. பூ மாதிரி கைங்கற பேரு போயிடுச்சு, கல்நெஞ்சுக்காரின்னு பேரு வந்துச்சு. வரட்டும்.

கௌரி அதுக்கப்புறம் அந்தப் பக்கமே வரல. நான் ரிடையர் ஆவறதுக்கு ரெண்டு மாசம் இருக்கிறப்ப, ஒரு புதன்கிழமை, வரிசையில நிக்கறா. தோள்ல ஒரு பையன், ஒண்ணரை மாசம். நைனா கூட வரல, அவருக்கு அந்த வாசலை மிதிக்கவே முடியலயாம். முறை வந்ததும் உக்காந்தா. முதல்ல எழுதற வழக்கம் அப்பவும் என்னை விடல, கார்டுக்குக் கையை நீட்டினேன்.

"கார்டு என்கிட்ட இருக்கட்டும்க்கா. மொதல்ல போடு."

கையில போட்டேன். குழந்தை கத்துச்சு. அவ கார்டை விரிச்சு என் முன்னாடி வெச்சு, "இப்ப அதை எழுது"ன்னா. எழுதினேன். கார்டைத் திரும்ப மடியில வெச்சுக்கினா. தொடையில போட்டேன். "இப்ப இதை எழுது." எழுதினேன். பின்னாடி நிக்கறவங்க என்னடா இது, இவ்வளவு நேரமாங்கறாங்க. அவ திரும்பிக்கூடப் பார்க்கல. மூணாவது பென்டா. குழந்தை காலை உதறி உதறி அழுவுது, அவ அந்தக் காலைக் கெட்டியா புடிச்சிக்கினா, புடிச்சிக்கினு மருந்து முழுசா உள்ள போறதைக் கண்ணை எடுக்காம பார்த்தா. நான் ஊசியை எடுத்து வெச்சேன். சொட்டு மருந்தும் வாய்ல விட்டேன். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கினே கார்டை மூணாவது தடவை நீட்டினா. எனக்கு எழுத்து கோணலா வந்துச்சு.

"கௌரி"ன்னு ஆரம்பிச்சேன். "அன்னிக்கு நான்…"

"தெரியும்க்கா. ஆஸ்பத்திரியிலேயே தெரியும். கேட்டப்ப நீ போர்வையை இழுத்து விட்டியே தவிர என் மூஞ்சைப் பார்க்கல."

கோவமா சொல்லியிருந்தா தாங்கியிருப்பேன். இட்லிக்கு மாவு அரைச்சாச்சுன்னு சொல்ற மாதிரி சொன்னா. நான் அழுதுட்டேன், அத்தினி பேரு முன்னாடி. அவ அழல. எனக்கு ஆறுதலும் சொல்லல, ஏன் சொல்லணும்?

"அப்புறம் ஏம்மா என்கிட்ட தூக்கியாந்தே? சூளூர்பேட்டையிலேயே போட்டிருக்கலாமே"ன்னு கேட்டேன்.

"நைனாவும் அதைத்தான் சொன்னாரு. நான்தான் கேக்கல. வேற யாராச்சும்னா மறந்தாலும் மறப்பாங்க. நீ இனிமே ஜென்மத்துக்கும் மறக்க மாட்டே."

குழந்தை பால் குடிச்சு அடங்கிப்போச்சு. அவ கார்டை ஒருதரம் விரல் வெச்சு மேல இருந்து கீழ வரைக்கும் பார்த்தா, மடிச்சு ரவிக்கைக்குள்ள வெச்சுக்கினா, எழுந்து போயிட்டா. எங்க பக்கத்துல கிளம்பறப்ப யாரா இருந்தாலும் வரேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் போவாங்க. அவ சொல்லல. அடுத்து நின்ன பொண்ணு தன் கார்டை மேசை மேல வெச்சுது. நான் அதை எடுத்து, ஊசி முடியட்டும்னு அந்தப் பொண்ணு கையிலயே திருப்பிக் கொடுத்தேன்.